தண்ணீரை விரட்டிய மேடை
தேகப்பயிற்சியின் கதை – 19

திருவதிகை என்றதும் நாவுக்கரசரின் சூலை நோய் நினைவுக்கு வரும். சமணப் பள்ளியில் தருமசேனராகப் பெரும் புகழோடு இருந்தவர், தாங்க முடியாத வயிற்று வலியோடு இந்தக் கெடிலக்கரைக்கு வந்து, தமக்கை திலகவதியார் தந்த திருநீற்றைப் பூசி, வீரட்டானத்து இறைவன் முன் நின்றார் என்பது பெரியபுராணக் கதை. எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் உள்ளுறுப்பு ஒன்று முரண்டு பிடித்தால் உடம்பு பணிந்துதான் போகவேண்டும் என்பதை இந்த ஊர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்திருக்கிறது.

இன்று இதே திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி, வடலூர் வட்டாரத்தில் ஜிம் இல்லாத கடைத்தெருவைக் காண்பது அரிது. பொங்கல் விழாவா, கோயில் திருவிழாவா, தலைவர் பிறந்தநாளா, மேடை போட்டு ஆணழகன் போட்டி நடத்துகிறார்கள். பழுப்புச் சாயம் பூசிய உடம்புகள் விளக்கொளியில் மின்ன, ‘மிஸ்டர் கடலூர்’, ‘மிஸ்டர் தமிழ்நாடு’ என்று பட்டம் கட்டுகிறார்கள். சென்ற இதழ்களில் உடற்கட்டுக் கலையின் முன்னோடி சாண்டோ 1904-05ல் இந்தியா வந்து போனதையும், அவர் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்ட சின்னப்பா தேவரைப் போன்றவர்கள் தேகப்பயிற்சி சாலைகளில் கர்லாவும் தண்டாலுமாக உடம்பை வளர்த்ததையும் பார்த்தோம். அந்தச் சாலைகளிலிருந்து இன்றைய மேடை வரை வரும் வழியில் ஒரு இருண்ட அத்தியாயம் இருக்கிறது. அது ஊக்கமருந்து ஊசியைப் பற்றியது என்றே பலரும் நினைப்பார்கள். ஊசியின் கேடு ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். போட்டிக்கு முந்தைய இரண்டு நாளில், சில சமயம் சில மணி நேரத்தில், ஆளைக் கொண்டுபோகும் மருந்து வேறு. தெருமுனை மருந்துக்கடையில் டீயைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நீர் மாத்திரைதான் அது.

மேடைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் துணி விரித்துச் சாய்ந்திருப்பார்கள். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் நாக்கு ஒட்டும். ஒருவன் ரொட்டியில் ஜாம் தடவி மெல்லுவான், இன்னொருவன் ரப்பர் பட்டையை இழுத்துத் தோளுக்கு ரத்தம் ஏற்றுவான். தாகம் பொறுக்காதவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடி வைப்பான். “மாஸ்டர், கெண்டைக்கால் இழுக்குது” என்பான். “நல்லா காஞ்சிருக்கேன்னு அர்த்தம்டா, பொறுத்துக்க” என்று பதில் வரும். அந்தப் பதில் உண்மையும் இல்லை, நியாயமும் இல்லை. கால் இழுப்பது, ரத்தத்தில் உப்புகளின் கணக்கு தப்பத் தொடங்கியதற்கான முதல் எச்சரிக்கை.

‘காய்வது’ என்ற இந்த ஆசை எப்போது வந்தது? வங்காளத்தைச் சேர்ந்த மனதோஷ் ராய் 1951லும், மனோகர் ஐச் 1952லும் லண்டனில் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ பட்டம் வென்றார்கள். ஐந்தடி உயரம்கூட இல்லாத மனோகர் ஐச், வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறையில் தள்ளப்பட்டு, சிறைக்குள்ளேயே உடம்பை வளர்த்தவர். அவர்களுடைய படங்களைப் பாருங்கள். தசை திரண்டிருக்கிறது, மேலே தோல் தோலாகவே இருக்கிறது. ஐச் நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016ல் மறைந்தார். எழுபதுகளுக்குப் பிறகு நடுவர்களின் கண் மாறியது. தசையின் பருமன் போதவில்லை. நார் நாராகப் பிரிந்து தெரியவேண்டும், நரம்பு புடைக்கவேண்டும், தோல் காகிதமாய் ஒட்டவேண்டும் என்றானது. கொழுப்பைக் கரைக்க மாதங்கள் வேண்டும். கடைசி வாரத்தில் குறை தெரிந்தால் தண்ணீரை வெளியேற்றுவதுதான் குறுக்கு வழி என்று எவரோ கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்கெனவே தயாராக இருந்தது.

அந்த மருந்தின் பிறப்பைச் சொல்லியாகவேண்டும். அது நல்ல பிறப்பு. 1919ல் வியன்னாவில், பேராசிரியர் வென்கபாஹ் நடத்திய மருத்துவப் பிரிவில், ஆல்ஃப்ரெட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர் மேகநோய் பீடித்த இளம்பெண் ஒருத்தியைக் கவனித்துவந்தார். கேட்ட மருந்து கைக்கு வரவில்லை. பதிலுக்குக் கிடைத்த நோவசூரால் என்ற பாதரச ஊசியைப் போட்டார். மேகநோய்க்கு அது என்ன செய்தது என்பது வேறு கதை. செவிலியர் ஒருவர் சிறுநீரின் அளவைத் தவறாமல் குறித்துவைத்திருந்தார். ஊசி போட்ட நாள்களில் அளவு பல மடங்கு கூடியிருந்ததை ஃபோகல் அந்தக் குறிப்பில் பார்த்தார். இதயம் தளர்ந்து உடம்பெங்கும் நீர் கோத்துக் கிடந்த நோயாளிகளுக்கு அதையே கொடுத்துப் பார்த்தார்கள். லிட்டர் லிட்டராக நீர் பிரிந்தது. அதற்குமுன் அப்படி வீங்கியவர்களின் காலில் ஊசியால் குத்தி நீரை வடித்த காலம் ஒன்று இருந்தது. நம் சித்த மருத்துவர்கள் நீர்முள்ளியும் நெருஞ்சிலும் மூக்கிரட்டையும் கொடுத்துத் தணிக்கப் பார்த்ததும் இதே வீக்கத்தைத்தான்.

பாதரசம் நஞ்சு என்பதால் மாற்றுத் தேடல் தொடர்ந்தது. அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர் குழுவினர் உருவாக்கிய குளோரோதயசைடு 1958ல் விற்பனைக்கு வந்தது. ரத்த அழுத்தச் சிகிச்சையின் முகமே மாறியது. அடுத்து ஸ்பைரனோலாக்டோன். அறுபதுகளின் நடுவில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனத்திடமிருந்து ஃபுரோசெமைடு. நம் ஊர் மருந்துக்கடையில் ‘லேசிக்ஸ்’ என்று கேட்டு வாங்குவது அதைத்தான். விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், ஆறு மணி நேரம் போல் நீடிக்கும். நரம்பில் ஏற்றினால் ஐந்தே நிமிடம். இரவு மூச்சுத் திணறலோடு உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்கு வரும் முதியவர், இந்த ஊசி போட்ட அரை மணியில் படுக்க முடிவதைப் பார்த்த எவரும் இந்த மருந்தைக் குறை சொல்லமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவை இருப்பது அதனால்தான்.

நோயாளிக்கு உடம்பில் மிஞ்சிய நீர் இருக்கிறது. மருந்து அதை எடுக்கிறது. மேடை ஏறப்போகும் இளைஞனிடம் மிஞ்சிய நீர் எங்கே இருக்கிறது?

கணக்குப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் சுமார் 42 லிட்டர் தண்ணீர். அதில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே. வெளியே இருக்கும் 14 லிட்டரில், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 3 லிட்டர்தான். பையன்கள் விரட்ட நினைப்பது தோலுக்கும் தசைக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீரை. ஆனால் மாத்திரை வேலை செய்யும் இடம் தோல் அல்ல, சிறுநீரகம். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை ரத்தத்துக்கே திருப்பித் தரும் உறுப்பு அது. ஃபுரோசெமைடு அங்கே உப்பைத் திரும்பப் பெறும் வழியை அடைக்கிறது. உப்பு போகும் வழியில் நீரும் போகிறது. முதலில் குறைவது ரத்தம். குறைந்த ரத்தத்தை ஈடுகட்டச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீர் இறங்குகிறது, அதன்பின் செல்லுக்குள்ளிருந்தும். தோலடியில் இருப்பதை மட்டும் பொறுக்கி எடுக்கும் மருந்து உலகில் எங்கும் கிடையாது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரும்பொருள் கலந்து வந்ததுதான் பழுப்பு நிலக்கரியின் தொடக்கக் கதை. 1956ல் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிறது ஊற்று நீர். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால் ராட்சத பம்புகள் இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கின்றன. சுரங்கத்தை உலர வைக்கத்தான் இறைத்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்க் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஓரிடத்து நீரை இழுத்தால் பக்கத்து நீரும் வரும். ஆனால் சுரங்கத்தில் அளந்துதான் இறைக்கிறார்கள். நீர்மட்டம் பார்க்கவே தனிக் கிணறுகள் உண்டு, பொறியாளர்கள் உண்டு, ஏடுகள் உண்டு. போட்டிக்கு முந்தைய இரவில் லாட்ஜ் அறையில் மாத்திரை போடுகிறவனிடம் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகூட இருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் மேடை ஆசையில் இருப்பவன் காதில் ஏறக்கூடியது இதுதான். தசையில் முக்கால் பங்கு நீர். தசை தனக்குள் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்ந்தே நிற்கும். நீரை விரட்டினால் தசையும் சப்பையாகும். ரத்தம் குறைந்தால் நரம்பு புடைப்பதற்குப் பதில் அமுங்கும். ஆறு மாதம் வயிற்றைக் கட்டி உழைத்தவன் மேடையில் முந்தைய நாளைவிடச் சிறுத்துப் போய் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கிறது. “கண்டிஷன் போயிடுச்சு அண்ணே” என்று அழுதுகொண்டே இறங்குவார்கள். கண்டிஷனைக் கொண்டுபோனது அவர்கள் நம்பிய மாத்திரையேதான்.

சப்பையாவதோடு நின்றால் பரவாயில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் இந்தச் சிறிய கணக்கு இருக்கிறது. ஃபுரோசெமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரோடு அடித்துக்கொண்டு போகும். அளவு 2.5க்குக் கீழே இறங்கினால் தசை துவளும், இதயத் துடிப்பு தாளம் தப்பும். இதைத் தெரிந்துகொண்ட சிலர் ஸ்பைரனோலாக்டோனுக்குத் தாவுகிறார்கள். அது எதிர்த் திசையில் கொல்லும். பொட்டாசியத்தை வெளியே விடாமல் தேக்கும். அதோடு வாழைப்பழம், இளநீர், பொட்டாசியம் மாத்திரை என்று சேர்த்துக்கொண்டால் அளவு 6.5ஐத் தாண்டலாம். அந்த நிலையில் இதயம் எச்சரிக்கை தராமலே நின்றுபோகலாம். ஒன்று குறைக்கிறது, ஒன்று கூட்டுகிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் சமமாகிவிடும் என்று கணக்குப் போடும் ஜிம் மாஸ்டர்களும் இருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துச் செய்கிற காரியத்தை மனக்கணக்கில் செய்யத் துணிகிறார்கள். கூடவே மூன்று நாளாக உப்பில்லாச் சோறு. கொழுப்பைக் கரைக்க என்று எடுக்கும் கிளென்பியூட்டரால் பொட்டாசியத்தை இன்னும் இறக்கும். மூட்டு வலிக்கென்று போட்ட டைக்ளோஃபெனாக், ரத்தம் வற்றிய சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி.

உலகம் இதை உரக்கப் பேசத் தொடங்கியது 1992ல். மொஹமெத் பெனாசிசா அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். குள்ளமான ஆள், தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களைத் தோற்கடித்ததால் ‘அரக்கர்களை வென்றவர்’ என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1990ல் நியூயார்க்கில் நடந்த போட்டியில், பின்னாளில் ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆன டோரியன் யேட்ஸையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவர் அவர். 1992 இலையுதிர் காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் அடுத்தடுத்துப் போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் காயவேண்டும், மறுபடி நீர் குடிக்கவேண்டும், மறுபடி காயவேண்டும். நெதர்லாந்துப் போட்டி முடிந்த கையோடு, அக்டோபர் 4ஆம் தேதி இறந்துபோனார். வயது 33.

பாடம் படித்தார்களா? 1994ல் ஒஹையோவில் நடந்த ஆர்னால்ட் கிளாசிக் போட்டியில், கனடாவின் பால் டில்லெட் மேடையில் ஒரு நிலையில் நின்றவர் அப்படியே உறைந்துபோனார். கையை மடக்க முடியவில்லை, காலை எடுக்க முடியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழு அரங்கமும் பார்த்தது.

1996ல் ஆந்திரியாஸ் முன்ட்சர். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மலைப்பகுதியில் பிறந்தவர். அதே மாநிலத்திலிருந்து போன ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கரையே தெய்வமாக நினைத்து வளர்ந்தவர். தோல் இத்தனை மெலிதாக ஒரு மனிதனுக்கு இருக்க முடியுமா என்று உடன் போட்டியிட்டவர்களே வியந்தார்கள். அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆர்னால்ட் கிளாசிக்கில் ஆறாம் இடம். அதன்பின் கலிபோர்னியாவில் இன்னொரு போட்டி. ஊர் திரும்பும்போதே வயிற்றில் வலி. மியூனிக் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். கல்லீரல் செயலிழந்தது, சிறுநீரகம் செயலிழந்தது. மார்ச் 14 காலை இறந்துபோனார், 31 வயது. அவர் எடுத்ததாகச் சொல்லப்பட்ட மருந்துகளின் நீண்ட பட்டியலை ஜெர்மனியின் ‘டெர் ஷ்பீகல்’ வார இதழ் வெளியிட்டது. ஊக்கமருந்துகளோடு நீர் மாத்திரைகளும் அதில் இருந்தன. எல்லாப் பழியையும் நீர் மாத்திரைமேல் போட முடியாது. பல ஆண்டு மருந்துகளின் கூட்டு அது. ஆனால் ஏற்கெனவே நொந்திருந்த உறுப்புகளுக்கு ரத்த ஓட்டத்தையும் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த மரணம் காட்டியது.

அதே ஆண்டு சிகாகோவில் நடந்த மிஸ்டர் ஒலிம்பியாவில் நீர் மாத்திரைக்கான சோதனை வைத்தார்கள். மூன்றாம் இடம் பிடித்த நாசர் எல் சொன்பாட்டி அதில் சிக்கி இடத்தை இழந்தார். உலகின் உச்ச மேடையிலேயே இதுதான் நிலைமை என்றால், அதைப் பார்த்து வளர்ந்த சிறு மேடைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

மற்ற விளையாட்டுகள் முன்பே விழித்துக்கொண்டன. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பல்கேரியப் பளுதூக்கும் வீரர்கள் மிட்கோ கிராப்லெவ், ஆங்கெல் கென்செவ் இருவரும் வென்ற தங்கத்தை ஃபுரோசெமைடு காரணமாக இழந்தார்கள். அந்த நாட்டு அணியே பளுதூக்குதலிலிருந்து விலகியது. எடைப் பிரிவுக்குள் நுழையவும், வேறு ஊக்கமருந்தின் சுவட்டைச் சிறுநீரில் நீர்த்துப்போகச் செய்யவும் இது உதவும் என்பதால் தடை. நம் ஊர் கிரிக்கெட் ரசிகர்கள் 2003 உலகக் கோப்பையை மறந்திருக்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே ஷேன் வார்ன் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்பினார், ஓராண்டுத் தடை. அம்மா கொடுத்த மாத்திரை, உடம்பு ஒல்லியாகத் தெரிய எடுத்தேன் என்றார். அதுவும் நீர் மாத்திரைதான். இன்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் இவை போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடை.

இந்தியாவில் ‘நாடா’ என்ற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2005ல் உருவானது. 2022ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. நாடா பிடித்தவர்களின் பட்டியல்களில் தடகளம், பளுதூக்குதல் ஆகியவற்றோடு உடற்கட்டு விளையாட்டும் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. ஆனால் கோயில் திடலில், திருமண மண்டபத்தில் நடக்கும் போட்டிகளுக்கெல்லாம் நாடா வந்து நிற்க முடியாது. அங்கே பையனுக்குக் காவல் அவனுடைய மாஸ்டரும் ஏற்பாட்டாளரும் மட்டுமே.

இந்த விளையாட்டை இழிவாக எண்ணி நான் எழுதவில்லை. தமிழகத்தைச் சேர்ந்த எஸ்.பாஸ்கரன் 2019ல் உடற்கட்டுக்காக அர்ஜுனா விருது பெற்றார். ரயில்வேயிலும் ராணுவத்திலும் இதற்கு அணிகள் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் உழைக்கிறார்கள். பலாப்பழ மண்டியில் மூட்டை சுமந்துவிட்டு மாலையில் ஜிம்முக்கு வருகிறவன், முந்திரித் தொழிற்சாலைக் கூலியில் முட்டை வாங்குகிறவன், சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு ஷிப்ட் முடித்து வந்து பளு தூக்குகிறவன் என்று இந்த வட்டாரத்துப் பையன்களின் உழைப்பு எனக்குப் பெரியதாகவே தெரிகிறது. இத்தனை உழைத்தவனைக் கடைசி இரண்டு நாளில் பலி கொடுப்பதுதான் பொறுக்கவில்லை.

2023 பிப்ரவரியில் நமக்குப் பக்கத்து வடலூரில், மாநில அளவிலான ஆணழகன் போட்டிக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். உடற்பயிற்சி செய்துவிட்டு ரொட்டி சாப்பிட்டபோது அது தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறியது என்பதே வெளிவந்த செய்தி. நீர் மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பு இருந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. நானும் முடிச்சுப் போடமாட்டேன். இறந்தவருக்குச் செய்யும் அநியாயம் அது. அதை இங்கே குறிப்பிடுவது வேறு காரணத்துக்காக. வள்ளலார் 1867ல் தருமச்சாலை திறந்து, பசித்தவர் எவரும் திரும்பிப் போகக்கூடாது என்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற ஊர் அது. அந்த ஊருக்கு, வாரக்கணக்காக வயிற்றைக் கட்டிய பிள்ளைகள் வந்து தங்கினார்கள். போட்டிக்கு முந்தைய இரவில் இந்த உடம்புகள் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பதும், அந்த நேரத்தில் பக்கத்தில் முதலுதவி தெரிந்த ஓர் ஆள் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதும் அன்றைக்கே நமக்கு உறைத்திருக்கவேண்டும்.

நம் மேடைகளுக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு: தாமதம். காலையில் எடை பார்ப்பார்கள். மாலை ஆறு மணிக்குத் தொடக்கம் என்று நோட்டீஸ் சொல்லும். சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, பேசி முடித்து, முதல் பிரிவு மேடையேற இரவு ஒன்பது. கடைசிப் பிரிவுக்கு நள்ளிரவு. ஆறு மணிக்குக் காய்ந்து நிற்கவேண்டும் என்று கணக்குப் போட்டு மாத்திரை போட்டவன் மேலும் ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் காத்திருக்கிறான். கடலூர் மாவட்டத்துக் கோடை இரவில், பந்தலுக்கு அடியில், ஹாலஜன் விளக்குச் சூட்டில், உடம்பெல்லாம் சாயம் பூசியிருக்க.

மேடை இறங்கியதும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பதும் தவறு. வறண்ட உடம்பு தண்ணீரையும் உப்பையும் பிடித்துவைக்கும் ஹார்மோன்களை உச்சத்தில் சுரந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிரியாணியும் பரோட்டாவும் குளிர்பானமும் உள்ளே போனால் இரண்டே நாளில் கால் வீங்கும், முகம் உப்பும். பயந்துபோய் அந்த வீக்கத்துக்கு மறுபடி நீர் மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. பல மாதம் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக மாவுச்சத்தைக் கொட்டும்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஓடிவிடும். ஏற்கெனவே வற்றியவனுக்கு அது இன்னொரு இதயச் சோதனை. கொஞ்சம் கொஞ்சமாக, உப்பிட்ட கஞ்சியோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ எடுத்து உடம்பைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மாற்ற முடியாத காரியமா இது? 1997ன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், எடை குறைக்க உடம்பை வற்றவைத்து இறந்தார்கள். உடனே அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பு, ரப்பர் உடை போட்டு வியர்க்கவைப்பதைத் தடுத்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு மிக அருகே கொண்டுவந்தது. ஆளுக்கு இவ்வளவுக்குக் கீழே எடை இறங்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. மூன்று மரணத்தில் விதி மாறியது. உடற்கட்டு மேடையோ பெனாசிசா இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் காய்ந்த உடம்புக்கே மதிப்பெண் போடுகிறது. என் தீர்ப்பில் முதல் குற்றவாளி நடுவர் மேசைதான். அங்கே எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் பையன்கள் கொண்டுவருவார்கள்.

இந்த வட்டாரத்தில் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சொன்ன நேரத்துக்கு மேடையைத் தொடங்குங்கள். மேடைக்குப் பின்னால் ஒரு மருத்துவரை உட்காரவையுங்கள். ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்காமல் எவரையும் மேலே அனுப்பாதீர்கள். நிற்க முடியாமல் தள்ளாடுகிறவனுக்கு எந்த இடமும் கிடையாது என்று நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். மருந்துக்கடைக்காரர்களே, ஃபுரோசெமைடும் ஸ்பைரனோலாக்டோனும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகள். இருபது வயதுக் கட்டுடல்காரன் வந்து கேட்டால் அவனுக்கு இதய நோய் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

போட்டிக்குத் தயாராகும் தம்பிக்கு ஒரு வார்த்தை. கால் இழுத்தால், நெஞ்சு படபடத்தால், எழுந்ததும் கண் இருட்டினால், கை கால் துவண்டால், அது காய்ந்ததன் பெருமை அல்ல. மேடையை விட்டு இறங்கிவிடு. பக்கத்தில் இருப்பவர்கள் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை போட்டான், எத்தனை போட்டான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைந்ததா, கூடியதா என்பதை வைத்துத்தான் சிகிச்சை. ஒன்றுக்குக் கொடுப்பதை மற்றதற்குக் கொடுத்தால் உயிர் போகும்.

(தொடரும்)